திரூர்க்குப்பத்து நெல்

1952இல் திருவள்ளூர் அருகே உள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் உழவர்களுக்கு ஒரு புதிய ரகத்தை வெளியிட்டது. திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரைச் சுருக்கி, வரிசை எண்ணையும் சேர்த்து, டி.கே.எம். 6 என்று பெயர் வைத்தார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஜி.ஈ.பி. 24. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து பொறுக்கியெடுத்து, 1921இல் கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சன்ன ரகம் அது. இன்னொன்று கோ 18. டி.கே.எம். 6 நல்ல சோறு தரும், உயரமான பயிர், சுமாரான விளைச்சல். சில ஆண்டுகள் வயலில் இருந்துவிட்டுப் புதிய ரகங்களுக்கு வழிவிட்டுப் போயிருக்க வேண்டிய நெல்தான். ஆனால் அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அதன் மரபணுக்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வங்கதேசம் என்று ஆசியாவின் நெல் வயல்களில் கோடிக்கணக்கான ஏக்கருக்குப் பரவிவிட்டன.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி தாலுகா, அந்த ரகம் வெளிவந்த ஆண்டில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறு ஆண்டு ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லை இப்படி முன்னும் பின்னும் நகர்ந்த காலத்தில் இரண்டு பக்கத்து உழவர்களும் அதே ஏரிப் பாசனத்தில் அதே நெல்லைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவிரி போன்ற பெரிய ஆறு இந்த வட்டாரத்துக்குக் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் நந்தி ஆறும் கொசஸ்தலையும் உண்டு, சங்கிலியாய்த் தொடரும் ஏரிகள் உண்டு, கிணறுகள் உண்டு. ஏரி நிரம்பினால் சம்பா, கிணறு கைகொடுத்தால் நவரை, கோடையிலும் தண்ணீர் மிஞ்சினால் சொர்ணவாரி. இப்படிப்பட்ட மண்ணுக்காக உருவான ஒரு நெல் ஆசியாவின் உணவைக் காக்கப் போனது எப்படி என்பதை அறிந்துகொண்டால், ஒரு நாட்டின் சோற்றுக்கு ஆபத்து எந்த வழியாக வருகிறது என்பதும் விளங்கும்.

டி.கே.எம். 6ஐ உருவாக்கிய தலைமுறை பசியைக் கண்ணால் கண்டது. 1942இல் வங்காளத்து நெல்லில் செம்புள்ளி நோய் என்னும் பூஞ்சை தாக்கியது. மறு ஆண்டு வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் மாண்டார்கள். பூஞ்சைதான் முதற்காரணம் என்று நெல் நோயியல் அறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் பின்னாளில் எழுதினார். விளைச்சல் குறைந்ததைவிட, போர்க்கால விலையேற்றமும் கூலி மக்களின் கையில் காசில்லாமல் போனதுமே அவர்களைக் கொன்றன என்று அமர்த்தியா சென் வாதிட்டார். சென் சொல்வதே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆனாலும், விளைச்சல் நிச்சயமில்லாத நாட்டில் ஏழையின் கையில் இருக்கும் காசுக்கு மதிப்பு நிற்காது. இந்தப் பஞ்சத்தின் நிழலில்தான் 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. கோவையில் நெல் ஆராய்ச்சியை வளர்த்த கே. ராமையா அதன் முதல் இயக்குநர். இருபது ஆண்டு கழித்தும் நிலைமை தேறவில்லை. 1966இல் சுமார் ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் வரவழைத்துத்தான் இந்தியா சாப்பிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. குட்டையான பயிர், விறைப்பான தண்டு. உரம் போட்டால் சாயாமல் விளைந்து கொட்டியது. நம் ஊர்களிலும் அதை ஆசையாய்ப் போட்டார்கள். அரிசி தடித்தது, சோறு ருசிக்கவில்லை என்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாத குறை வேறொன்று இருந்தது. பூச்சிக்கும் நோய்க்கும் அது எளிதில் இரையானது.

குருத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். தாய் அந்துப்பூச்சி இலை நுனிக்கருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்றின் பழுப்பு மயிரால் அவற்றை மூடிவிட்டுப் போகும். ஒரு வாரத்தில் வெளிவரும் புழுக்கள் மெல்லிய நூலில் தொங்கிக் காற்றில் ஆடி அடுத்த பயிருக்குப் போய்ச் சேரும். இலை உறைக்கும் தண்டுக்கும் நடுவே நுழைந்து, தண்டைத் துளைத்து உள்ளே போய்விட்டால் பிறகு மருந்தும் எட்டாது, பறவையும் எட்டாது. இளம்பயிராக இருந்தால் நடுக்குருத்து காய்ந்துபோகும். பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும், அடிநுனியில் புழு அரித்த தடம் தெரியும். கதிர் வரும் நேரத்தில் தாக்கினால் வெண்கதிர்: நிமிர்ந்து நிற்கும், வெள்ளையாய் இருக்கும், தடவிப் பார்த்தால் எல்லா மணியும் சாவி. உழவர் செலவையெல்லாம் செய்து முடித்த பிறகு வரும் இழப்பு என்பதால் வெண்கதிர் மிகவும் வேதனையானது.

டி.கே.எம். 6 பயிரில் இந்தப் புழு சரியாகத் தேறவில்லை. ஏன் என்று பின்னாளில் தேடியபோது, வரிக் குருத்துப்பூச்சி என்ற இனத்தை வைத்து நடந்த ஆய்வுகளில், பயிர் சுரக்கும் பென்டாடெகனால் என்ற வேதிப்பொருள் பிடிபட்டது. அந்த வாடையில் தாய்ப்பூச்சி முட்டையிடத் தயங்குகிறது. இட்ட முட்டை சரியாகப் பொரிவதில்லை. பொரிந்த புழுவும் நன்றாக வளர்வதில்லை. லாஸ் பானோஸ் விஞ்ஞானிகள் ஐ.ஆர். 262 என்ற குட்டைப் பயிரை டி.கே.எம். 6 உடன் சேர்த்தார்கள். 1969இல் ஐ.ஆர். 20 வெளிவந்தது. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கியது. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கியது. கிச்சிலிச் சம்பாவின் வழிவந்ததால் அரிசியும் சன்னமாக இருந்தது. தமிழ்நாட்டின் சம்பாப் பட்டத்தில் ஐ.ஆர். 20 பல ஆண்டுகள் கோலோச்சியது. நம் மாவட்டத்துப் பிள்ளை வெளிநாடு போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பியதுபோலத்தான் அது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி மரபியலில் என்னை மிகவும் வியக்கவைத்த ஒன்று. அதற்குப் புகையானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகையான் ஒரு பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நீளம் சில மில்லிமீட்டர்தான். பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நடப்பவருக்கு மேலே பச்சைப் பயிர்தான் தெரியும். குனிந்து தூரை விலக்கிப் பார்த்தால்தான் பூச்சி தெரியும். ஒரு பெண் பூச்சி இருநூறு முன்னூறு முட்டைகளை இலை உறைக்குள் செருகிவைக்கும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். உணவு தாராளமாக இருக்கும்வரை குட்டைச் சிறகுள்ளவையே அதிகம் பிறக்கும். அவற்றுக்குப் பறக்கத் தெரியாது, முட்டையிடுவதே வேலை. பயிர் முற்றிச் சாறு குறைந்து கூட்டம் நெருங்கும்போது நீண்ட சிறகுள்ளவை பிறந்து காற்றிலேறிப் போய்விடும். வியட்நாமில் கிளம்பும் கூட்டம் பருவக்காற்றில் சீனம் வழியாக ஜப்பான்வரை ஆண்டுதோறும் போய்ச் சேருகிறது. ஜப்பானில் 1732இல் வந்த கியோஹோ பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. புகையான் போன பிறகு வயலில் வட்டவட்டமாகத் தீய்ந்த திட்டுகள் மிஞ்சும். நேற்று நன்றாக இருந்த வயல் இன்று வைக்கோலாகிக் கிடக்கும்.

இந்தியாவில் 1973-74இல் கேரளத்து நெல் வயல்களைப் புகையான் சூறையாடியது. தென்கிழக்கு ஆசியாவிலும் அதே சமயத்தில் தலைதூக்கியது. அடர்ந்த நடவு, எப்போதும் தேங்கிய தண்ணீர், யூரியாவால் ரசம் ஏறிய தண்டு, ஆண்டு முழுவதும் ஓயாத நெல் என்று பசுமைப் புரட்சியின் வயல் இந்தப் பூச்சிக்கு விருந்தாக அமைந்துவிட்டது.

அப்போதுதான் லாஸ் பானோஸில் ஒரு புதிர் எழுந்தது. புகையானை எதிர்க்கும் சில நெல் வரிசைகள் கிடைத்தன. அவற்றின் பெற்றோரோ இரண்டு பக்கமும் புகையானுக்கு மடியும் ரகங்கள். அந்தப் பெற்றோரில் டி.கே.எம். 6 இருந்தது. தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை, பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மார்த்தினெஸ், குர்தேவ் குஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974இல் விடையை வெளியிட்டார்கள். பி.பி.எச். 1 என்ற எதிர்ப்பு மரபணு டி.கே.எம். 6 இல் முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அதை வேலை செய்யவிடாமல் அடக்கும் இன்னொரு மரபணுவும் கூடவே இருந்திருக்கிறது. வேறு நெல்லோடு கலந்தபோது சில பிள்ளைகளில் எதிர்ப்பு மரபணு மட்டும் வந்து, அடக்கும் மரபணு விடுபட்டுப் போயிற்று. திரூர் வயலில் ஆயுள் முழுக்க நின்று பார்த்திருந்தாலும் டி.கே.எம். 6 புகையானை எதிர்க்கும் திறன் கொண்டது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

1973இல் வந்த ஐ.ஆர். 26 அந்த மரபணுவைத் தாங்கியிருந்தது. பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் அதைப் பெரும்பரப்பில் போட்டன. இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கியது. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே பூட்டு போட்டால், அதைத் திறக்கும் சாவி பூச்சிக் கூட்டத்தில் எங்காவது பிறந்தே தீரும். பிறந்தது. இரண்டாம் வகைப் புகையான் என்று அதற்குப் பெயரிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்துப் புகையானோ வேறு வகை. அதனிடம் பி.பி.எச். 1 தொடக்கத்திலிருந்தே எடுபடவில்லை. நம் வயலில் பிறந்த மரபணு அயல்நாட்டுப் பூச்சியைத் தடுத்தது, நம் பூச்சியைத் தடுக்கவில்லை. இங்குள்ள புகையானுக்கு ஈடுகொடுப்பது கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 போன்ற நெல்கள்.

குஷ் சோர்ந்துபோகவில்லை. 1976இல் அவர் குழு உருவாக்கிய ஐ.ஆர். 36இன் வம்சாவளியைப் பார்த்தால் இந்தியாவின் வரைபடமே தெரியும். டி.கே.எம். 6 திருவள்ளூரிலிருந்து, புகையான் எதிர்ப்பு கட்டாக் வழியாகப் பட்டாம்பியிலிருந்து, புகையான் பரப்பும் புல்குட்டை நோய்க்கு எதிர்ப்பு உத்தரப்பிரதேசத்தில் திரட்டிய ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லிலிருந்து. அந்தக் கடைசி எதிர்ப்புக்காக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல்களைச் சோதித்திருக்கிறார்கள். தேறியது அந்த ஒரு காட்டு நெல்தான். குளக்கரையில் களையென்று பிடுங்கி எறியும் புல் அது. 1980களில் ஐ.ஆர். 36 உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் விளைந்தது. அதுவரை எந்த ஒரு நெல் ரகமும் அவ்வளவு பரப்பைக் கண்டதில்லை. 1996இல் குஷ்ஷுக்கும் அவருடைய மூத்த சகா ஹென்றி பீச்செல்லுக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. திரூரில் ஜி.ஈ.பி. 24ஐயும் கோ 18ஐயும் சேர்த்து, பிள்ளைகளை வரிசை வரிசையாக நட்டுப் பொறுக்கியவர்களை உலகம் கேட்கவில்லை. அவர்களையும் அந்த மேடையில் வைத்துத்தான் நான் நினைக்கிறேன்.

ரகம் ஒரு பாதிதான். மறு பாதி உழவரின் கையில் இருக்கிறது. அதை இந்தோனேசியா பெருவிலை கொடுத்துக் கற்றது. 1980களின் நடுவில் அரிசியில் தன்னிறைவு பெற்றுவிட்டோம் என்று அந்நாடு மகிழ்ந்த கையோடு புகையான் திரும்பி வந்தது. பூச்சிமருந்துக்கு அரசு பெரும் மானியம் கொடுத்த காலம். எவ்வளவு அடித்தார்களோ அவ்வளவு புகையான் பெருகியது. காரணம் எளிமையானது. மருந்து பட்டால் ஓநாய்ச் சிலந்தி சாகும், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி சாகும். இலை உறைக்குள் பத்திரமாக இருக்கும் முட்டை சாகாது. பத்து நாளில் அது பொரியும்போது, பிடித்துத் தின்ன வயலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார். சில ஆண்டுகளில் மானியமும் நின்றது. விளைச்சல் விழவில்லை.

நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் இந்தப் பாடம் இருக்கிறது. ஒரு தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், சிம்புக்கு இரண்டு புகையான் வரை மருந்தில்லாமல் விடலாம். சிலந்தி இல்லையென்றால் சிம்புக்கு ஒன்று வந்ததுமே நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலந்தியை எண்ணி முடிவெடுக்கச் சொல்லும் இந்த ஒரு வரி, எத்தனையோ லிட்டர் விஷத்தை வயலுக்கு வெளியே நிறுத்தக்கூடியது. நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டால் தூருக்கு வெயிலும் காற்றும் போகும், புகையானுக்கு அது பிடிக்காது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் தூர் ஈரம் உலரும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். பட்டம் விட்டால் நாற்று நட இடம் வீணாகிறதே என்று குத்தகைக்காரர் தயங்குவார். அவர் கவலை நியாயமானது. ஒரு போகம் போனால் அவருக்கு அடுத்த போகம் இல்லை. அதனால்தான் இந்த அறிவை மருந்துக்கடை வாசலில் விட்டுவிடாமல் வரப்புக்குக் கொண்டுபோக வேளாண் அலுவலர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும் என்கிறேன்.

இன்று திருத்தணி வட்டாரத்து உழவர்களும் வியாபாரிகளும் நன்கறிந்த நெல் பி.பி.டி. 5204. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளியானது. ஆந்திரா பொன்னி என்றால் எல்லாருக்கும் தெரியும். இதன் வம்சாவளியிலும் நம் ஜி.ஈ.பி. 24 இருக்கிறது. வியாபாரி விரும்பும் அரிசி, சோறும் அருமை. ஆனால் குலைநோயும் இலைக்கருகலும் புகையானும் இதை எளிதில் பிடிக்கும். சந்தை ஒரே நெல்லைக் கேட்கும்போது வட்டாரம் முழுக்க ஒரே நெல் நிற்கிறது. அமெரிக்காவில் 1970இல் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழி மரபைக் கொண்டிருந்தது. அதற்கென்றே ஓர் இலைக்கருகல் பூஞ்சை கிளம்பி அந்த ஆண்டு விளைச்சலில் 15 சதவீதத்தைக் கொண்டுபோயிற்று. பி.பி.டி.யை விட்டுவிடச் சொல்லவில்லை. இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை அதில் சேர்த்து, மேம்படுத்திய சம்பா மசூரி என்று ஐதராபாத்தில் உருவாக்கி 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி வேலை இன்னும் வேகமாக நடக்க வேண்டும். பக்கத்து ஏரிப் பாசனத்தில் வேறு ரகம் நிற்பதற்கு விலையிலும் கொள்முதலிலும் ஊக்கம் வேண்டும்.

இனி வரும் ஆபத்துக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பப் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் தவறாமல் வருகிறது. நெற்பூ காலை ஒன்பது பத்து மணி வாக்கில் விரிந்து, ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் மகரந்தம் உதிராது, சூல் பிடிக்காது. பயிர் பச்சையாகவே இருக்கும், மணிதான் இருக்காது. சொர்ணவாரி பூக்கும் ஜூன், ஜூலையில் இந்த வட்டாரத்தில் அந்த அபாயம் உண்டு. இரவு வெப்பமும் சும்மா விடுவதில்லை. லாஸ் பானோஸில் 1992 முதல் 2003 வரையிலான பதிவுகளை வைத்து, பயிர்க்காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். இதற்கும் விடை பழைய நெல்களில்தான் தேடப்படுகிறது. நாகினா 22 என்ற இந்திய ரகம் வெப்பத்தைத் தாங்குகிறது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் வெயில் ஏறுமுன்னே விடியற்காலையில் பூத்துவிடுகிறது. அந்தக் குணத்தை வளர்ப்பு நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்களைத் திரட்டி உழவர்களிடம் பரப்பினாரே, அவற்றில் எதில் எந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது என்பது டி.கே.எம். 6 போலவே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். விதையைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லதுதான். ஆனால் பூச்சியும் வெயிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் எதிரே ஆண்டுதோறும் அந்த நெல் நின்று பார்க்க மண் வேண்டும்.

அந்த மண்தான் இப்போது கைமாறுகிறது. சென்னை பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் வந்த அரசாணை திருவள்ளூர் மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றையும் உள்ளடக்கி அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. திருப்பதி சாலையின் இரு பக்கமும் ஏரிக்குக் கீழே நன்செயாக இருந்த நிலம் கல் நட்டு மனையாகிறது. ஆயக்கட்டு மனையானால் ஏரியைத் தூர்வாரக் கேட்பவரும் குறைவார், வரத்துக்கால்வாயை விட்டுக்கொடுப்பவரும் குறைவார். வறட்சி ஆண்டுகளில் இந்த மாவட்டத்து விவசாயக் கிணறுகளைச் சென்னைக் குடிநீர் வாரியம் வாடகைக்கு எடுத்தது. நெல்லை விட்டுவிட்டுத் தண்ணீரை விற்ற உழவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு போகத்தின் வருமானத்தைவிட அது நிச்சயமான காசு. ஆனால் அதே நீர்ப்படுகையின் கிழக்குக் கோடியில், மீஞ்சூர்ப் பகுதியில், அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாகிப் போனது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துவரும் உண்மை.

2020இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. வரவேற்க வேண்டிய சட்டம். அதன் எல்லைக்குள் திருவள்ளூர் இல்லை, காஞ்சிபுரம் இல்லை, ராணிப்பேட்டை இல்லை. சில வகைத் தொழில்களைத் தடுக்கும் அந்தச் சட்டம் மனைப்பிரிவுகளைத் தடுக்க எழுதப்பட்டதும் அல்ல. டி.கே.எம். 6ஐ உலகுக்குக் கொடுத்த மாவட்டத்துக்கு அதனினும் கூர்மையான காப்பு வேண்டும். ஏரி ஏரியாக எடுத்து, ஆயக்கட்டு நன்செயை மனையாக்க முடியாதபடி பதிவு அலுவலகத்திலேயே தடுக்க வேண்டும். அந்த நிலத்தில் தொடர்ந்து நெல் போடுபவருக்கு அதற்கென்று தனித் தொகை கொடுக்க வேண்டும். திரூரில் நெல் ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. அங்கிருந்து 2015இல் டி.கே.எம். 13 வந்தது. அது வளரும் வயல்கள் திருத்தணி, பள்ளிப்பட்டு, திருவாலங்காடு ஒன்றியங்களில் இன்னும் இருக்கின்றன.